மாமாவா சாச்சாவா

11 ஜனவரி 1984, புதன்

இன்றைக்கும் ஹோலில் கால் வைக்க இடமில்லை. இஷாத் தொழுகை முடிந்ததும் பள்ளியிலிருந்து நேரே இங்கே வந்துவிட்டார்கள். ஆண்கள் ஹோலில், பெண்கள் உள்ளறையில், நடுவாசலில் ஒரு மெல்லிய சீலை. சீலைக்குள்ளால் எங்களுக்கு டீவி தெரியும், எங்களை அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சவுதியிலிருந்து டீவிப் பெட்டியை அனுப்பியபோது, "உனக்குப் பொழுது போகும்" என்றார். சாய்ந்தமருதில் பாதிப் பேருக்குப் போகிறது.

புதன்கிழமை இங்கிலீஸ் துப்பறியும் தொடர். எல்லாரும் இங்கிலீசில் கதைப்பதால் நான் உள்ளேயிருந்து சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும். பகலெல்லாம் வகுப்பில் கத்துகிற தொண்டைக்கு இரவில் இது ஓவர்டைம்.

கதை இவ்வளவுதான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழை ஊர். எலன் என்ற பெண் வாய்க்காலில் மையத்தாகக் கிடக்கிறாள். தாய் தகப்பன் இல்லாதவள், அவர்கள் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தவள். விசாரிக்க வரும் பொலிஸ் அதிகாரி நீளக் கோட்டைக் கழற்றுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. ஊர் அவனுக்குக் கோட்டுக்காரன் என்று பெயர் வைத்துவிட்டது.

தேத்தண்ணிக்கடை மீராமுகைதீன் சீலைக்கு அப்பாலிருந்து கேட்டார்: "டீச்சர், படம் இருட்டா, நம்மட பெட்டி இருட்டா?" இரண்டும்தான். காற்றடித்தால் அன்டனா திரும்பிவிடும். என் தங்கை றாஹிலா வெளியே நின்று அன்டனாப் பைப்பைப் பிடித்துக்கொள்வாள். பாதிப் படத்தை அவள் காதால்தான் பார்க்கிறாள்.

அடுத்த வளவுப் பாத்தும்மா மாமிக்குக் கோட்டுக்காரன் மேல் இரக்கம். "அந்த மனுசனுக்குச் சோறாக்கிக் குடுக்க வீட்டில ஆளில்ல. அதான் மூஞ்சி அப்பிடி." ஹோலில் யாரோ ஒரு வயற்காரர்: "இவ்வளவு தண்ணி ஓடுது, ஒரு வயலக் காணல்லியே!"

12 ஜனவரி, வியாழன்

காலையில் சாச்சா வந்து மூட்டை பார்த்துவிட்டுப் போனார். ஆதம்பாவா சாச்சா, வாப்பாவின் ஒரே தம்பி, பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். புதன்கிழமைகளில் என் பிரம்புக் கதிரை அவருக்குச் சொந்தம்.

வளவின் மறுபக்கம் நிற்பது றாஹிலாவின் வீடு. நம் ஊரில் வீடு கட்டாமல் பெண் பிள்ளைக்குக் கலியாணம் ஏது? எனக்கு இந்த வீட்டை முடித்துத் தந்த வாப்பா, அவளுக்குச் சுவரெழுப்பி ஒரு அறைக்கு ஓடும் போட்டார். அதோடு மௌத்தாகிவிட்டார். உம்மா அதற்கு முந்தியே போய்விட்டார். "ஒரு போகத்துக்கு மட்டும் மகள்" என்று சாச்சா அந்த அறையில் நெல்லு மூட்டை அடுக்கினார். அதற்குப் பிறகு எத்தனை போகம் வெட்டியாயிற்று! பூட்டும் அவருடையது, திறப்பும் அவருடைய பச்சை பெல்ட்டில். உள்ளே செருப்போடுதான் போவார். ஒரு நாள் றாஹிலா கழற்றச் சொன்னதற்கு, "இது வீடா மகள், ஸ்டோர்தானே" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மூட்டையைப் பார்க்கிறார்கள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். இப்போது புதுக் கதை ஒன்று காதில் விழுகிறது. இந்த அறுவடைக்குப் பிறகு சாச்சா அந்தச் சுவர்களைத் தன் மகள் கமீலாவுக்கென்று முடிக்கப் போகிறாராம். றாஹிலாவுக்கு அவசரமில்லையாம். யார் சொன்னது அவசரமில்லையென்று? அவளிடம் கேட்டார்களா?

18 ஜனவரி, புதன்

எலனுடைய அங்கிள் இன்று வந்தார். பருத்த ஆள், கையில் அவளுடைய வீட்டுத் திறப்பு. "மாமா வாறார்" என்று சொன்னேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அங்கிள் என்றால் மாமாதான்.

உள்ளறையில் ஒருத்தியும் நம்பவில்லை. "மாமாவா? உம்மாட கூடப்பிறந்தவனா? அவன் ஏன்கா கொல்லப்போறான்" என்றார் பாத்தும்மா மாமி. "மருமகளுக்கு வீடு கட்டக் கல்லுச் சுமக்கிறவன் மாமாதானே."

ஹோலில் மீராமுகைதீனும் அந்தப் பக்கம்தான்: "அந்தாளுக்கு ஒரு மகன் இரிக்கான். வீடு வேணுமெண்டா அவனுக்கே எலனக் கட்டி வெச்சிரிக்கலாமே. மச்சான்தானே முறை." நல்ல பொயின்ட். இங்கிலாந்துப் பொலிசுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

அப்போதுதான் பிரம்புக் கதிரையிலிருந்து சாச்சாவின் குரல், பள்ளிக் கூட்டத்தில் கதைப்பது போல: "மாமாட வேலதான்! அந்த வீட்டுக்காகத்தான் செஞ்சிரிக்கான். எழுதி வெச்சிக்கங்க. தாய் தகப்பனில்லாத குமர்ப் புள்ளைட வீட்டில கண் வெக்கிறவன் மனுசனா?"

எனக்கு அடுத்த இரண்டு வசனமும் காதில் விழவில்லை. படத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே எதையோ சொல்லிச் சமாளித்தேன். காற்று அடங்கிய பிறகும் றாஹிலா பைப்பை விட்டு உள்ளே வரவில்லை.

19 ஜனவரி, வியாழன்

எங்களுக்கு மாமா இல்லை. உம்மாவோடு ஆண் பிள்ளையே பிறக்கவில்லை.

25 ஜனவரி, புதன்

கல்முனைச் சந்தையில் மீன்காரர் மீனைக் கொடுக்காமல் கேட்கிறார்: "டீச்சர், மாமாவா, வேறாளா?" மீராமுகைதீன் கடையில் இரண்டு கட்சியாம். மாமாதான் என்று ஒரு கட்சி, அதற்குத் தலைவர் சாச்சா. கோட்டுக்காரனே கொன்றிருப்பான் என்று இன்னொரு கட்சி. அவர்களிடம் ஆதாரம், அவன் சிரிப்பதில்லை என்பது. பள்ளியில் பிரசங்கம் செய்யும் கதீப் மட்டும் பார்ப்பதில்லை. ஆனால் கதையைக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார்.

இன்று ஒரு கொலையும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்தது. எல்லாருக்கும் கோபம்.

30 ஜனவரி, திங்கள்

நேசம்மா டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்முனையிலிருந்து வருபவள், தன் மச்சாள் வீட்டில் இதே தொடரைப் பார்க்கிறாள். இடைவேளையில் நான் மாமா, மாமா என்று கதைக்க, அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த அங்கிள் டீச்சர்? எலனுக்கும் அந்தாளுக்கும் குடும்பப் பேர் ஒண்டெல்லோ. அப்ப தகப்பன்ட தம்பி. சித்தப்பா."

முகத்தில் தண்ணி ஊற்றியது போல இருந்தது. எப்படித் தவறவிட்டேன்? இங்கிலீஸ்காரனுக்கு எல்லாருக்கும் ஒரே சொல். வீடு கட்டித் தருகிறவனும் அங்கிள், அதில் பூட்டுப் போடுகிறவனும் அங்கிள்.

நேசம்மா விடவில்லை. "எங்கட தமிழ் ஆக்களிலயும் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். சித்தப்பனுக்கு அதுக்குள்ள என்ன வேல?" அவளுக்கு எங்கள் வளவின் கதை தெரியாது. படத்தைத்தான் கேட்டாள்.

31 ஜனவரி, செவ்வாய்

மாமா என்றே தொடர்ந்து சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. சாச்சாவும் சந்தோசமாகக் கதிரையில் இருப்பார்.

திருத்திச் சொன்னால்? ஊரே ஹோலில் இருக்கும். அவர் தன் வாயால் தீர்ப்புச் சொல்லியும் முடித்துவிட்டார். குடும்பத்தைச் சந்திக்கிழுத்தவள் என்பார்கள். சொல்லட்டுமே. வகுப்பில் பிழையாகச் சொன்னால் அடுத்த நாள் திருத்துகிறேனா இல்லையா? படத்தில் இருப்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு எழுத்துக் கூட்டமாட்டேன்.

ஆனால் குறைக்கவும் மாட்டேன்.

1 பெப்ரவரி, புதன்

சொல்லிவிட்டேன்.

கோட்டுக்காரன் அந்தப் பருத்த ஆளை மேசைக்கு முன் இருத்தி, செத்தது உன் கூடப்பிறந்த காக்காவின் பிள்ளையல்லவா என்று கேட்கிற கட்டம். அதற்கு மேல் காத்திருக்க முடியாது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "நான் ஒரு பிழை விட்டுட்டன். எல்லாரும் மன்னிக்கணும். இவர் மாமா இல்ல. எலன்ட வாப்பாட தம்பி. சாச்சா."

பெட்டிக்குள் கோட்டுக்காரன் மட்டும் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தான்.

மீராமுகைதீன் பாவம், மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை: "அப்ப மரைக்கார், நீங்க செல்லல்லியா, அந்த வீட்டுக்காகத்தான் எண்டு?"

"அது மாமா எண்டபடியால் செல்லினது" என்றார் சாச்சா. "சாச்சா அப்பிடிச் செய்யமாட்டார். இது வேறாள்ட வேல."

எனக்குப் பக்கத்தில் பாத்தும்மா மாமி சீலைக்கு வாயை வைத்து: "ஏன் கொல்லணும்? நாலு நெல்லு மூட்டைய அடுக்கிட்டாப் போதுமே!"

முதலில் உள்ளறை சிரித்தது. பிறகு ஹோல். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு அது, அதனால் இன்னும் மோசம். பிரம்புக் கதிரை கிறீச்சென்றது. சாச்சா எழுந்து போகும் செருப்புச் சத்தம் படலை வரைக்கும் கேட்டது. வெளியே றாஹிலா பைப்பைக் கைவிட்டாள் போல, பெட்டி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஒருவரும் "திருப்பு, திருப்பு" என்று கத்தவில்லை.

நான் வருத்தப்படுகிறேனா? இல்லை.

3 பெப்ரவரி, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாச்சா நேரே வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முற்றத்தில் நின்று, "அந்நிய ஆம்பிளையள் கேக்க இந்த வீட்டுக்குள்ளால பொம்புளட சத்தம் வரப்படாது. அன்டனாவ இறக்கு" என்றார்.

"நீங்க மாமாவ ஏசின நேரம் என்ட சத்தம் நல்லாத்தானே இருந்திச்சு சாச்சா?"

"நான் மரைக்கார். தெரியுந்தானே?"

"பள்ளிக்கு நீங்க மரைக்கார். இது என்ட வீடு. என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. நீங்க வந்து இருக்கிற கதிரையும் என்ட."

இப்படி அவரோடு நான் கதைத்ததே இல்லை. போன பிறகு ஊற்றிய தேத்தண்ணி கோப்பை தாண்டிப் பீரிசெல்லாம் சிந்தியது. சிந்தினா சிந்தட்டும்! அப்பிடி என்ன செஞ்சிட்டன் நான்? களவெடுத்தனா? யாருடைய வீட்டையாவது பூட்டி வெச்சிரிக்கனா? சாச்சாவ சாச்சா எண்டு சொன்னதுக்கு அன்டனாவ இறக்கணுமாம். இறக்கமாட்டன். வேணுமெண்டா இன்னும் ஒரு பைப்புப் போட்டு உயத்துவன்.

8 பெப்ரவரி, புதன்

ஹோல் வெறுமையாகக் கிடந்தது. மரைக்காருக்குப் பயந்து ஒரு ஆணும் உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே இருட்டில் பீடி நெருப்புகள் மட்டும் தெரிந்தன. நான் வேலிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு கட்டத்தில் இருமல் வந்து நிறுத்திவிட, வேலியிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அதுக்கு அவன் என்ன செல்றான்?"

9 பெப்ரவரி, வியாழன்

இவரிடமிருந்து கசெட் வந்தது. ரேடியோவில் போட்டுக் கேட்டோம். வெயிலைப் பற்றிச் சொல்கிறார், சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார். பிறகு, "மூட்டை விசயத்தில சாச்சாவோட சண்ட பிடிச்சுக் கொழுவாத அஸீஸா, நான் வந்து கதைக்கிறன்" என்கிறார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கொலைகாரன் யாரெண்டு தெரிஞ்சா அடுத்த கசெட்டில செல்லு, இங்க றூமில எல்லாரும் கேக்காங்க."

மறுபக்கத்தில் பதில் பேசினேன். கோட்டுக்காரனைப் பற்றி விரிவாக. சாச்சாவைப் பற்றி ஒரே வசனம்: "கொழுவிட்டன்."

17 பெப்ரவரி, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாச்சாவின் வயல் வெட்டியாயிற்று. காலையில் ட்ரெக்டர் புது மூட்டைகளோடு வளவுக்குள் வந்து நின்றது. சாச்சா இன்னும் வயலில். இறக்க வந்தவர்கள் திறப்போடு றாஹிலாவின் வீட்டடிக்குப் போனார்கள். அவள் வாசலில் நிற்கிறாள்.

"இறக்க இடமில்ல" என்றாள்.

"மரைக்கார் சொன்னவர், இடமிரிக்கி எண்டு."

"அவர்ட வீட்டில இரிக்கும். அங்க கொண்டு போங்க."

சத்தம் போடவில்லை, அழவில்லை. என் தங்கைக்கு இவ்வளவு அமைதியாகக் கதைக்க வரும் என்று எனக்கே தெரியாது. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். ஒரு குமர்ப் பிள்ளையைத் தள்ளிவிட்டு உள்ளே போக யாருக்குத் துணிவு? ட்ரெக்டர் திரும்பியது, திறப்பும் அவர்களோடு போய்விட்டது.

அது படலை தாண்டியதும் அவள் இரும்பு அலவாங்கை எடுத்து வந்து பூட்டை நெம்பினாள். ஒரே நெம்பில் கொண்டி கழன்று விழுந்தது. மூட்டையொன்றின் காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். நான் மற்றக் காதைப் பிடித்தேன். பாத்தும்மா மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் புதன்கிழமை உள்ளறை முழுதும் வந்தது.

வெளியே போட்டால் மழை நனைக்கும். நெல்லு என்ன பாவம் செய்தது? என் ஹோலில், சுவரோரம் சுற்றிவர அடுக்கினோம். ஒவ்வொரு மூட்டையிலும் சாச்சாவின் அடையாளம், நீல மையில் ஒரு பிறை. றாஹிலா தன் அறையைக் கழுவினாள். கழுவிய தண்ணி கறுப்பாக ஓடியது, பிறகு மண்ணிறமாக, பிறகு தெளிந்தது. மத்தியானம் அந்த ஈரத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள்.

சாச்சா பின்னேரம் வந்து படலையடியில் நின்று பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். கடைத்தெருவில் சொன்னாராம்: "எடுத்தவங்களே கொண்டு வந்து தரட்டும்." இருக்கட்டும். என் ஹோலில் மூட்டைக்கு வாடகை இல்லை.

22 பெப்ரவரி, புதன்

ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள்! கடைசிக்கு முந்திய கிழமை, வேலிக்கு வெளியே நின்று எவ்வளவுதான் பொறுப்பார்கள். சுவரோரம் மூட்டையைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீராமுகைதீன் பிறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வசதியாத்தான் இரிக்கி" என்று ஏறி உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பிரம்புக் கதிரையை உள்ளறைக்கு எடுத்துவிட்டேன். கதைக்கிறவள் நான், நான்தான் அதில் இருக்க வேண்டும்.

29 பெப்ரவரி, புதன்

கடைசிக் கிழமை. காற்றில்லை, றாஹிலா என்னோடு உள்ளே இருந்தாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹோல் திடீரென்று அமைதியானது. சீலைக்குள்ளால் பார்த்தேன், வாசலில் சாச்சா. கடைசிக் கிழமையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை, பாவம். தொடக்கத்திலிருந்து பார்த்த மனுசன். உட்கார இடமிருந்தது ஒரு மூட்டையில் மட்டும். தன் பிறையின் மேல் தானே உட்கார்ந்தார்.

கொலைகாரன் எலனுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்த கிழவன். கோட்டுக்காரனுக்குக் கிழமைக்குக் கிழமை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த அதே ஆள். "யா அல்லாஹ், அவன்ட கையாலயா குடிச்சான்!" என்று பாத்தும்மா மாமி தலையில் கை வைத்தார்.

சாச்சா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! சாச்சா கொல்லல்ல! நான் செல்லல்லியா, சாச்சா கொல்லமாட்டார் எண்டு!" சின்னப் பிள்ளையின் சந்தோசம் அந்தக் குரலில். ஒரு கணம் எனக்கு அவர் மேல் இரக்கமே வந்துவிட்டது.

படம் முடியவில்லை. எலனுடைய வீட்டு ஜன்னலில் அந்தப் பருத்த ஆள் தன் வீட்டுத் திரையை மாட்டுகிறான். கோட்டுக்காரன் மழையில் தெருவில் நின்று அதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டுப் போகிறான்.

"ராத்தா, என்ன நடக்குது?" என்று றாஹிலா கேட்டாள்.

"சாச்சா எலன்ட வீட்டுக்குக் குடி வந்திட்டார். அதுக்குக் கேஸ் இல்லையாம். கொலைகாரன் பிடிபட்டிட்டான், கோட்டுக்காரன்ட வேல முடிஞ்சி."

றாஹிலா ஆண்கள் இருக்கிற ஹோலுக்குக் கேட்கிற மாதிரி ஒருநாளும் கதைத்ததில்லை. இன்று கதைத்தாள்.

"அப்ப, கொன்னாத்தானா கேப்பாங்க?"

மீராமுகைதீன் மூட்டையிலிருந்து எழுந்து சாரத்தைத் தட்டினார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து நின்றார்கள், அந்த நெல்லின் மேல் இருக்கவே கூச்சப்பட்டவர்கள் போல. சாச்சா அவர்களைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார். பிறகு சலாமும் சொல்லாமல் போனார்.

2 மார்ச், வெள்ளி

சாச்சா அனுப்பிய ட்ரெக்டர் வந்தது. மூட்டையெல்லாம் போயிற்று. ஹோலைக் கூட்டினேன்.

11 ஏப்ரல், புதன்

கமீலாவுக்குச் சாச்சா தன் வளவிலேயே அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டாராம். அப்படியானால் அங்கே இடம் எப்போதும் இருந்திருக்கிறது!

இவருடைய கசெட்டில்: "கொழுவினது சரிதான். றாஹிலாட வீட்டு ஓட்டுச் செலவ நான் பாக்கிறன்." பிறகு, பியானோக்காரன் என்று அவர் றூமில் ஒருவரும் நினைக்கவில்லையாம்.

18 ஜூலை, புதன்

றாஹிலாவின் வீட்டுக்கு ஓடு முழுதாகப் போட்டு, நேற்று மௌலூது ஓதிக் குடிபுகுந்தாயிற்று. கலியாணம் வரும்போது வரட்டும். இன்று டீவியைத் தன் வீட்டுக்குத் தூக்கச் சொன்னாள். முதல் முறையாக ஒரு படத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை கண்ணால் பார்க்க வேண்டுமாம். அன்டனாப் பைப்பை மீராமுகைதீன் பிடித்தார்.

புது இங்கிலீஸ் தொடர். தொடங்கியதுமே ஒரு கசின் வந்தான். நான் வாய் திறக்குமுன் ஹோலிலிருந்து நாலு குரல்: "எந்தக் கசின் டீச்சர்? மச்சானா, காக்கா முறையா? தெரிஞ்சிட்டுச் செல்லுங்க!"

அந்தச் சத்தத்துக்குள் வாசலில் ஒரு கனைப்பு. சாச்சா நின்றார். பச்சை பெல்ட்டில் கை வைத்து, பிறகு கையை எடுத்துவிட்டு, "உள்ள வரலாமா மகள்?" என்று கேட்டார்.

கேட்டது என்னிடமில்லை. எல்லாரும் றாஹிலாவின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. சீலையை விலக்கி அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சாச்சா" என்றாள்.

கழற்றிவிட்டு வந்தார்.